பதினோராம் காட்டின் பகல் அந்து

பெட்டி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில். அனுப்பியவரின் பெயரைப் படிப்பதற்கு முன்பே, மேலட்டையின் கையெழுத்தைக் கண்டவுடன், டாக்டர் யசோதரையின் மனத்தடியில் ஏதோ ஒன்று புரண்டு படுத்தது. சாய்வில்லாத, குண்டு குண்டான, பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் எழுத்து. முப்பத்தொரு ஆண்டுகளாக அந்த எழுத்தும் மாறவில்லை. அதைக் கண்டதும் புரளும் அந்த ஒன்றும் மாறவில்லை.

பிலோமினா மறுபடியும் எதையோ கண்டுபிடித்துவிட்டாள்.

யசோதரை பெட்டியை உடனே திறக்கவில்லை. கோயம்புத்தூரிலிருந்த அந்தப் பூச்சிக் காப்பகத்தில் எதற்கும் ஒரு முறை உண்டு. அந்த முறைகளில் பாதியை வகுத்தவளே அவள்தான். முதலில் முத்திரை பழுதின்றி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு நாளும் நேரமும் குறிக்க வேண்டும். பிறகு உள்ளே இருப்பவற்றை வரிசையாக வெளியில் வைக்க வேண்டும். அப்படியே செய்தாள். நான்கு பக்கங்களில் ஒரு விவரணை. கண்ணாடி மூடியிட்ட சிறு பேழைக்குள், ஊசியில் குத்திச் சிறகு விரித்த ஒரேயொரு பூச்சி. அத்துடன் ஒட்டப்பட்ட ஒரு வெள்ளை உறை.

அந்த உறையைப் ‘பெயர் உறை’ என்பார்கள். புதிய உயிரினத்துக்குத் தாம் சூட்ட விரும்பும் பெயரை விவரிப்பவர் அதற்குள் எழுதி ஒட்டிவிட வேண்டும். பெயரைக் கண்டு தீர்ப்பாளர் மனம் சாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக வந்த வழக்கம் அது. தீர்ப்பு ‘புதியது’ என்றானால் உறை திறக்கப்படும். ‘புதியதன்று’ என்றானால் முப்பது நாள் காத்திருந்து, அரக்கு முத்திரையிட்டு, ‘திறக்கப்படவில்லை’ என்று எழுதி நிலவறைக்கு அனுப்பிவிடுவார்கள்.

பகலில் பறக்கும் அந்துப்பூச்சிகளுக்கு நாட்டிலேயே ஒரே தீர்ப்பாளர் யசோதரை. பதினொரு ஆண்டுகளாக அந்த நாற்காலியில் அமர்ந்திருந்தாள். இருநூற்றுக்கும் மேற்பட்ட உறைகளைத் திறந்திருந்தாள். அவற்றுள் ஒன்றுகூட அவள் எழுதியதன்று. தீர்ப்பாளர் தாமே ஓர் உயிரினத்தை விவரிக்கக் கூடாது என்பது விதி. அந்த விதி வருவதற்கு முந்தைய இருபது ஆண்டுகளில் ஏன் ஒன்றையும் விவரிக்கவில்லை என்று எவரும் அவளைக் கேட்டதில்லை. கேட்காதது அவர்களுடைய நாகரிகம்.

அதற்கான விடை ஒரு புதருக்கருகில் கிடந்தது. மாணவிகளாக இருந்தபோது அவளும் பிலோமினாவும் வலையோடு மலையேறியிருந்தார்கள். பத்து மணி வெயிலில், கருநீலச் சிறகில் வெள்ளை வரியோடிய ஒன்று மெதுவாக மிதந்து வந்தது. முதலில் பார்த்தவள் யசோதரை. “அது வண்ணத்துப்பூச்சிதான், விடு பிலோ” என்றவளும் அவள்தான். பகலில் பறக்கும் அந்துகள் வண்ணத்துப்பூச்சியைப் போலவே வேடமிடும். உணர்கொம்பைப் பார்க்காமல் சொல்லக் கூடாது என்பது முதல் பாடம். பிலோமினா பேசாமல் வலையை வீசினாள். சீப்புப் போன்ற உணர்கொம்பு. அதுவே அவளுடைய முதல் இனம்.

அதற்குப் பிறகு எட்டு. ஒன்றுக்குத் தன் தந்தையின் பெயரைச் சூட்டினாள். ஒன்றுக்கு ஒரு மலையின் பெயர். ஒன்றுக்கு வனக்காவலர் ஒருவரின் பெயர். கடைசிப் பேருந்தைத் தனக்காகப் பத்து நிமிடம் நிறுத்திவைத்த நடத்துநர் ஒருவரின் பெயர்கூட ஓர் அந்துப்பூச்சிக்கு இருக்கிறது. முதல் இனத்தை முதலில் கண்டவளின் பெயர் எதற்கும் இல்லை. யசோதரை இதை யாரிடமும் சொன்னதில்லை. நடத்துநரின் பெயரை மட்டும் ஒருபோதும் மறந்ததில்லை.

*

மறுநாள், மலையிலிருந்து சிலர் வந்து காப்பகத்தின் வாசலில் நின்றார்கள். முன்னால் நின்ற பெண்ணுக்கு ஐம்பது வயதிருக்கும். பெயர் தவமணி என்றாள். பதினோராம் காடு என்னும் குடியிருப்பிலிருந்து வருவதாகச் சொன்னாள். தேயிலைக் கம்பெனி கைவிட்டுப் போன தோட்டத்தில், அந்தப் பகுதிக்குக் கம்பெனி இட்ட இலக்கத்தையே ஊர்ப்பெயராக வைத்துக்கொண்டு, தொழிலாளருக்கென்று வரிசையாகக் கட்டிய பழைய லைன் வீடுகளில் நூறு குடும்பங்கள் வாழ்ந்துகொண்டிருந்தன. புதிய பூச்சியைக் கண்ட இடம் அதுதான்.

அலுவலகக் கண்காணிப்பாளர் கோதண்டபாணி அவர்களை வாசலிலேயே நிறுத்திப் பேசிக்கொண்டிருந்தார். உள்ளே, திறந்திருந்த ஜன்னலுக்கு அருகில், யசோதரை பூச்சியின் சிறகை அளந்துகொண்டிருந்தாள். பேச்சு அவள் காதில் விழுந்தது.

“எல்லாத்தையும் மெசினே பாக்குதுங்கிறாங்க. அப்புறம் இந்த அம்மா எதுக்கு சார்?” என்று தவமணி கேட்டாள்.

“காட்டுக்குள்ள வச்சிருக்கிற கேமராக் கண்ணு, வித்தியாசத்தை மட்டுந்தானுங்க சொல்லும்” என்றார் கோதண்டபாணி. “அண்ணனுக்கும் தம்பிக்கும் மூக்கு வேறயா இருந்தா அதுவும் வித்தியாசந்தானுங்களே. மொதல்ல அதை நம்பித்தான் விட்டாங்க. ரெண்டே வருசத்துல பாதி மலைய அடைச்சுப் போடுச்சு. அப்பறந்தான் மனுசரு ஒருத்தரு பாத்துச் சொல்லோணும்னு சட்டம் வந்துது.”

“இவங்க புதுசுன்னு சொன்னா?”

“தொண்ணூறு நாளுங்க. அந்த எடத்தைச் சுத்தி மூணு கிலோமீட்டருக்கு மனுச வாடையே இருக்கக் கூடாது. வீடு, தோட்டம், கோயிலு எல்லாம் விட்டுப்போட்டு வந்தரோணும். கோர்ட்டுக்குப் போனாலும் நிக்காது.”

“பழசுன்னு சொன்னா?”

“பைலை மூடிருவாங்க. அப்பறம் அந்தப் பூச்சி நேரா வந்து கண்ணு மேல உக்காந்தாலும் மெசின் வாயத் தெறக்காது.”

“யாரும் ஒண்ணுமே எழுதாம விட்டிருந்தா?”

“அறுபது நாள் பாத்துட்டு அதுவே அடைச்சிருமுங்க. அம்பத்தேழாவது நாளு இந்தப் பெட்டி வந்துது.”

தவமணி தன்னுடன் வந்தவர்களைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, “எங்க வேலியில ஒரு பூச்சி வந்து உக்காந்துச்சு சார். நாங்க அதைக் கூப்பிடவும் இல்ல, வெரட்டவும் இல்ல” என்றாள். அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போய்விடுகிறோம் என்று கேட்டுக்கொண்டாள்.

விதி பதினான்கு: தீர்ப்பு எழுதும்வரை, அதனால் பாதிக்கப்படக்கூடியவர்களைத் தீர்ப்பாளர் சந்திக்கக் கூடாது. யசோதரை கோதண்டபாணியை உள்ளே அழைத்தாள். “ஜன்னலைச் சாத்திடுங்க. அவங்க போன பிறகு திறந்தா போதும்” என்றாள். அவளுக்கு அந்த மக்கள்மேல் வெறுப்பு இல்லை. விருப்பமும் இல்லை. அளவுகோலைக் கையில் பிடித்திருக்கும்போது யாரேனும் அழுதால் கை ஆடும், அவ்வளவுதான்.

அவர்கள் மாலைவரை மரத்தடியில் இருந்துவிட்டுப் போனதாகப் பிறகு கேள்விப்பட்டாள்.

*

வயிற்று நுனியை வெட்டியெடுத்துக் காரக் கரைசலில் ஊறவைத்து, மெல்லிய தூரிகையால் செதில்களைக் களைந்து, நுண்ணோக்கியின் கீழ் வைக்கும்போதுதான் ஓர் அந்துப்பூச்சி தன் உண்மையைச் சொல்லும். சிறகின் நிறம் வெயிலுக்கும் பனிக்கும் மாறக்கூடியது. ஆண் பூச்சி பெண்ணைப் பற்றிக்கொள்ளும் கொக்கி அப்படியன்று. அது பூட்டுக்கேற்ற சாவி. வேறு சாவி என்றால் வேறு இனம்.

மலைத்தொடர் முழுவதும் தெரிந்திருந்த வரிச்சிறகுப் பகல் அந்துக்குக் கொக்கியில் ஒரே ஒரு பல். யசோதரை குனிந்து பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள்.

இரண்டு பற்கள். இரண்டாவது பல் உட்புறமாக, தெளிவாக, வளைந்திருந்தது. எந்தக் குளிரும் ஒரு பூச்சிக்குப் பல் முளைக்கச் செய்வதில்லை.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். முதலில் தோன்றியது வியப்பு. அதை அவள் நேர்மையாக ஒப்புக்கொண்டாள். எவ்வளவு அழகான கொக்கி. அடுத்த நொடியே, இதைப் பார்த்த முதல் கண் தன்னுடையதன்று என்ற நினைவு வந்தது. எங்கோ ஒரு லைன் வீட்டின் பின்கட்டில், எண்ணெய்ப் பிசுக்கேறிய பழைய நுண்ணோக்கியில், பிலோமினா இதை முன்பே பார்த்துச் சிரித்திருப்பாள். அவளுக்குப் பதவி இல்லை, அறை இல்லை, கீழே பணிபுரிய ஆட்கள் இல்லை. பூச்சிகள் மட்டும் அவளைத் தேடி வருகின்றன. பத்தாவது. பத்து என்பது ஒரு முழு எண். பத்தானால் விருது ஒன்று தருவார்கள். அந்த விழாவில் பேசும்படி தீர்ப்பாளரைத்தான் அழைப்பார்கள்.

யசோதரை விவரணையை எடுத்து எழுத்தெழுத்தாகப் படித்தாள். குறை தேடிப் படித்தாள். ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பு, பிலோமினாவின் ஒன்பதாவது இனம் இதே மேசைக்கு வந்தபோதும் இப்படித்தான் படித்தாள். அப்போது நாற்பது பூச்சிகள் அடங்கிய முழு வரிசை வந்திருந்தது: ஆணும் பெண்ணும், மழைப் பருவத்தவையும் பனிப் பருவத்தவையும். மூன்று மாதம் துருவினாள். கூடுதல் விளக்கம் மூன்று முறை கேட்டாள். ஓட்டை ஒன்றும் அகப்படாமல், பல்லைக் கடித்துக்கொண்டு ஒப்பமிட்டாள்.

இம்முறை இரண்டாம் பக்கத்திலேயே அகப்பட்டது.

ஓர் ஆண். ஒரே பருவம், தை மாதம். பெண் இல்லை. மழைப் பருவத்துப் பூச்சி இல்லை. முதலாண்டு மாணவன்கூட ஒற்றைப் பூச்சியை வைத்துப் புதிய இனம் என்று எழுதமாட்டான். ஒற்றைப் பூச்சி ஊனமுற்றதாக இருக்கலாம். வரிசை இருந்தால்தான் அது தற்செயலன்று என்று நிறுவ முடியும். பிலோமினாவுக்கு இது தெரியாதா? அவளுக்கு வயதாகிவிட்டது, யசோதரை நினைத்தாள். கண் மங்கியிருக்கும். மலையேற முழங்கால் இடம் கொடுத்திருக்காது. அந்த நினைப்பில் இருந்த இனிப்பை அவள் உடனே விழுங்கிவிடவில்லை, நாக்கில் வைத்திருந்தாள்.

முறை என்னவென்று அவளுக்குத் தெரியும். ‘வரிசை தேவை’ என்று எழுதி அனுப்ப வேண்டும். காலக்கெடு தானே நீளும். வேறு எவருடைய பெட்டியாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள். எழுதுகோலை எடுத்தபோதும் அதையே எழுதப்போவதாகத்தான் நினைத்திருந்தாள்.

‘வரிச்சிறகுப் பகல் அந்தின் பனிப் பருவ வடிவம். கொக்கியின் வேறுபாடு தனிப் பூச்சியின் வளர்ச்சிப் பிழையாகலாம். புதியதன்று.’

மூன்றே வாக்கியங்கள். ஒப்பமிட்டாள். ஆகலாம் என்ற சொல் தன்னைக் காக்கும் என்று எண்ணினாள். அன்று நன்றாகப் பசித்தது.

*

மேல்முறையீட்டுக்கும், தீர்ப்பாளர் தாமே தீர்ப்பைத் திருத்திக்கொள்வதற்கும் முப்பது நாள் உண்டு. அதற்குப் பிறகு தீர்ப்பு இறுதியானது. எழுதியவராலும் மாற்ற முடியாது. முதல் வாரம் முழுவதும் யசோதரை பிலோமினாவின் சீற்றத்தை எதிர்பார்த்திருந்தாள். அதற்கான மறுமொழியைக்கூட மனத்துக்குள் செதுக்கிவைத்திருந்தாள். கடிதம் வரவில்லை. தொலைபேசி ஒலிக்கவில்லை. இரண்டாம் வாரமும் ஒன்றுமில்லை. அது அவளை உறுத்தியது. தோற்றவள் தோற்றதுபோல் நடந்துகொள்ளவில்லை என்றால் வென்றவள் எதை வைத்து மகிழ்வது?

மேசையின் ஓரத்தில் பெயர் உறை கிடந்தது. விளக்கின் முன் பிடித்துப் பார்க்கலாம் என்று இரண்டு முறை தோன்றியது. இரண்டு முறையும் கையை மடியில் வைத்துக்கொண்டாள். இம்முறை யாருடைய பெயர்? பால்காரரா?

மூன்றாம் வாரத்தில் தவமணி ஊர்க்காரர் சிலரோடு மறுபடியும் வந்தாள். தீர்ப்பு எழுதியாகிவிட்டபடியால் விதி பதினான்கு தடுக்கவில்லை. ஒரு பொட்டலம் தேயிலைத் தூளும் ஒரு சீப்பு மலைப்பழமும் மேசைமேல் வைத்தாள்.

“எங்க கொல்லையில நாங்களே பறிச்சு வறுத்ததும்மா. வேற ஒண்ணும் கொண்டாரத் தெரியல.” தவமணி கை கூப்பினாள். “அன்னைக்கி ஜன்னலைச் சாத்தச் சொன்னீங்களாமே. எங்க மொகத்தைப் பாத்தா எளகிருவோம்னு பயந்து சாத்தியிருக்காங்கன்னு நான் அப்பவே சொன்னேன். எரக்கப்பட்ட மனசும்மா உங்களுக்கு.”

நூலில் இருப்பதைத்தான் எழுதினேன், இரக்கத்துக்கும் எனக்கும் தொடர்பில்லை என்று யசோதரை விறைப்பாகச் சொன்னாள். அதையும் அவர்கள் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். மாரியம்மன் சாட்டுத் திருவிழாவுக்கு அவசியம் வர வேண்டும் என்று அழைத்துவிட்டுப் போனார்கள். பொட்டலம் மேசையிலேயே இருந்தது.

*

முப்பத்தொன்றாம் நாள் காலையில் பிலோமினா வந்தாள்.

வெயிலில் கறுத்து மெலிந்திருந்தாள். கண் மங்கியவளாகத் தெரியவில்லை. தோளில் துணிப்பை, காலில் ரப்பர் செருப்பு. முழங்காலுக்கும் ஒன்றும் நேர்ந்திருக்கவில்லை. மாடிப்படியை மூச்சிரைக்காமல் ஏறி வந்திருந்தாள்.

“ஏண்டி யசோ, இன்னும் அதே நாற்காலியா? முதுகு வலிக்கலையா உனக்கு?”

“அப்பீல் பண்ண வந்திருந்தா நேத்தோட நாள் முடிஞ்சுபோச்சு” என்றாள் யசோதரை.

“தெரியும். அதனாலதான் இன்னைக்கு வந்தேன்.”

பையிலிருந்து ஒரு மரப்பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்து மூடியைத் திறந்தாள். உள்ளே நான்கு வரிசைகள். கருநீலச் சிறகு, வெள்ளை வரி, சிவந்த தலை. ஆண்கள், பெண்கள், மழைப் பருவத்தவை, பனிப் பருவத்தவை. ஒவ்வொன்றின் கீழும் குண்டு எழுத்தில் நாளும் இடமும் குறித்த சீட்டு. ஓரத்தில், கொக்கிகளைப் பதித்த கண்ணாடித் தகடுகள். நுண்ணோக்கி தேவைப்படவில்லை, அவற்றில் எத்தனை பற்கள் இருக்கும் என்று யசோதரைக்குத் தெரியும்.

அவள் ஒரு சீட்டைப் படித்தாள். ஆடி மாதம். இன்னொன்று ஆவணி.

“இது போன வருஷத்து ஆடி.”

“ஆமா. அப்பவே எனக்குத் தெரியும். வாயத் திறக்கல. மார்கழியில மெசின் கண்ணுல பட்டுருச்சு. அதுக்கப்புறம் யாராவது எழுதித்தானே ஆகணும்?”

“வரிசையைக் கையில வச்சுக்கிட்டா எனக்கு ஒத்தைப் பூச்சியை அனுப்பினே?”

“உனக்குப் பிடிச்சுக்க ஒரு கிளை வேணுமில்ல?” பிலோமினா எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “போன தடவை மூணு மாசம் குறை தேடிக் கிடைக்காம நீ பட்ட பாட்டைக் கோதண்டபாணி சொன்னாரு. பாவமா இருந்துச்சு. அதான் இந்தத் தடவை நானே ஒண்ணு வச்சு அனுப்பினேன்.”

பிலோமினா தொடர்ந்தாள். மதுரையிலிருந்து இளவழுதி என்னும் பூச்சி ஆய்வாளர் இதைத் தாமே விவரித்து எழுதுவதாக முன்வந்தாராம். வேண்டாம், நான்தான் கண்டேன் என்று சண்டை போட்டு வாங்கினாளாம்.

“அவரு எழுதியிருந்தா நீ என்ன பண்ணியிருப்ப, சொல்லு.”

“வரிசை கேட்டிருப்பேன்.”

“கேட்டு, வாங்கி, ரெண்டு பல்லையும் எண்ணி, புதுசுன்னு கையெழுத்துப் போட்டிருப்ப. உன்னை மாதிரி ஒழுங்காத் தீர்ப்பு சொல்ற ஆளு இந்த நாட்டுல கிடையாது, யசோ. என் பேரு இல்லாத பைலா இருந்தா.”

இதைச் சொன்னபோது அவள் குரலில் கேலி இல்லை. ஒரு மருந்தின் குணத்தைச் சொல்வதுபோல் சொன்னாள். யசோதரை ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

பிறகு பிலோமினா தன் ஒன்பதாவது இனத்தைப் பற்றிச் சொன்னாள். கூழாங்கல்மேட்டில் கண்டது. யசோதரை ஒப்பமிட்ட தொண்ணூறாம் நாள் அங்கிருந்த நாற்பது குடும்பங்களைச் சமவெளியில் அடுக்குமாடிக்கு இறக்கிவிட்டார்கள். ஆடுகள் போயின, வேலிகளை வெட்ட ஆள் இல்லை, உண்ணிச்செடி மண்டியது. அந்தப் பூச்சியின் புழு, வெட்டிய கிளையில் புதிதாக விடும் தளிரை மட்டுமே தின்னும். காட்டுக்குள் வைத்த கண், முதலாண்டு எழுநூறு பூச்சிகளை எண்ணியது. பிறகு நூறு. பிறகு பதினொன்று. ஆறாம் ஆண்டு ஒன்றும் இல்லை.

“நாற்பது குடும்பத்தைக் கிளப்பினேன். அந்தப் பூச்சியையும் கொன்னேன். பேரு மட்டும் நிக்குது, எங்க அப்பா பேரு.” அவள் மரப்பெட்டியின் மூடியைத் தடவினாள். “பதினோராம் காட்டுலயும் அதே கதைதான். சாட்டுக்கு முன்னாடி ஊரே சேந்து வேலியை வெட்டிக் கவாத்துப் பண்ணும். அதுல விடுற தளிர்லதான் இது முட்டையிடுது. அந்த ஜனம் போனா இதுவும் போயிரும். மெசினுக்கு இதை யாரு சொல்றது? அதுக்குக் காது கிடையாது.”

“எனக்கு இருக்கே” என்றாள் யசோதரை. தன் குரல் இவ்வளவு தாழ்ந்து ஒலிக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. “நேரா வந்து என்கிட்டக் கேட்டிருக்கலாமே, பிலோ.”

“கேட்டிருந்தா செஞ்சிருப்பியா?”

யசோதரை பொய் சொல்லப் பழகியவளல்லள். தன் வாழ்நாளின் ஒரே பொய்யை முப்பத்தொரு நாளுக்கு முன்புதான் எழுதியிருந்தாள். பிலோமினா வந்து கேட்டிருந்தால் விதிப்புத்தகத்தை எடுத்துப் பதினான்காம் விதியைப் படித்துக் காட்டியிருப்பாள். அவளை நிற்கவைத்துப் படித்துக் காட்டியிருப்பாள். வரிசையைப் பறிமுதல் செய்து, பற்களை எண்ணி, ‘புதியது’ என்று எழுதி, பிலோமினாவுக்கு வேண்டாத பெயரை அவள் தலையில் சூட்டியிருப்பாள். அதிலும் நன்றாகப் பசித்திருக்கும்.

பிலோமினா விடைக்குக் காத்திருக்கவில்லை. மேசைமேல் இருந்த தேயிலைப் பொட்டலத்தைப் பார்த்து, “தவமணி குடுத்துச்சா?” என்றாள்.

“நான் இரக்க மனசுக்காரியாம்.”

பிலோமினாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். பிறகு எழுந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“கோவப்படாத. இந்தப் பூச்சியை விஷப்புட்டியில போட்டா முக்கால் மணி நேரம் ஆனாலும் சாகாது, தெரியுமா? செத்துப்போச்சுன்னு வெளிய எடுத்து வச்சா எழுந்து நடக்கும். உடம்பு பூரா அதுவே விஷம் வச்சிருக்கு. வெளி விஷம் ஏறல. அன்னைக்கு உன்னைத்தான் நெனச்சுக்கிட்டேன்.”

“புகழ்றியா?”

“பாதி.” வாசலுக்குப் போனவள் திரும்பினாள். “பெட்டியை நீயே வச்சுக்க. உண்மை எங்கயாவது ஒரு எடத்துல ஒழுங்கா இருக்கணும். உன்னைவிட ஒழுங்கா யாரு வச்சுப்பா? நாளைக்குக் கவாத்து, நான் போகணும்.”

*

செருப்புச் சத்தம் படியிறங்கித் தேய்ந்தது. யசோதரை மரப்பெட்டியின் மூடியைச் சாத்தினாள்.

அவமானம் இருந்தது. தன்னை ஒருவர் இவ்வளவு துல்லியமாக அளந்திருக்கிறார் என்ற திகைப்பும் இருந்தது. ஆனால் அவற்றுக்கெல்லாம் அடியில், பழைய இடத்தில், பழைய ஒன்று புரண்டுகொண்டுதான் இருந்தது. ஒன்பது பெயர்கள் போதாதென்று, பத்தாவதைத் தூக்கி எறியவும் பிலோமினாவால் முடிந்திருக்கிறது. தூக்கி எறியவாவது ஒரு பெயர் வேண்டும். யசோதரைக்கு அதுவும் வாய்த்ததில்லை.

மேசையோரத்து உறையை எடுத்தாள். முறைப்படி அன்று அதற்கு அரக்கு முத்திரை இட வேண்டும். அரக்கையும் மெழுகுவர்த்தியையும் எடுத்து வைத்தாள். பிறகு, பதினொரு ஆண்டுகளில் முதன்முறையாக, திறக்கக் கூடாத ஓர் உறையைத் திறந்தாள்.

உள்ளே ஒரு தாள் மடிக்கப்பட்டிருந்தது. விரித்தாள். வெறும் தாள். திருப்பிப் பார்த்தாள். பின்புறமும் வெறுமை. பெயரே சூட்டாமல் அனுப்பியிருக்கிறாள். திறக்கப்படாது என்பதில் அவளுக்கு அவ்வளவு உறுதி.

யசோதரை எழுதுகோலை எடுத்து மூடியைக் கழற்றினாள். தம் பெயரை யாரும் தாமே ஓர் உயிரினத்துக்குச் சூட்டுவதில்லை. அது அத்துறையின் பழைய மரியாதை. வேறொருவர்தான் சூட்ட வேண்டும். ஒன்பது இனங்களைக் கண்டவளின் பெயர், ஆகையால், இன்றுவரை எந்தப் பூச்சிக்கும் இல்லை. இதை யசோதரை நெடுங்காலமாக அறிவாள். அறிந்து, அதில் சிறிது ஆறுதலும் கொண்டிருந்தாள்.

தாளின் நடுவில், சாய்வில்லாமல், பிலோமினாவின் பெயரை எழுதினாள். முறைப்படி நாளிட்டாள். கண்ட இடம், பதினோராம் காடு. கண்டவர் என்ற இடத்தில் மறுபடியும் அதே பெயரை எழுதினாள். சூட்டியவர் என்ற இடத்தில், தன் வாழ்நாளில் முதல் தடவையாக, தன் பெயரை எழுதினாள்.

மை உலர்ந்ததும் தாளை மடித்து உள்ளே வைத்தாள். உறையை ஒட்டினாள். அரக்கை உருக்கி முத்திரையிட்டு, அதன்மேல் ‘திறக்கப்படவில்லை’ என்று தெளிவாக எழுதினாள். அது இரண்டாவது பொய். இதை எழுதியபோது கை ஆடவில்லை.

கோதண்டபாணியை அழைத்து, உறையையும் மரப்பெட்டியையும் ஒரே எண்ணிட்டு நிலவறையில் சேர்த்துவைக்கச் சொன்னாள். அவர் போன பிறகு தேயிலைப் பொட்டலத்தைப் பிரித்தாள். நீர் கொதிக்கும்வரை ஜன்னலருகில் நின்று வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தொரு ஆண்டுகளில் முதன்முறையாக, அந்துப்பூச்சிகளைப் பற்றிய ஒரு செய்தி, பிலோமினாவுக்குத் தெரியாமல், அவளுக்கு மட்டும் தெரிந்திருந்தது. அதை ஒருபோதும் அவளிடம் சொல்லப்போவதில்லை என்று யசோதரை முடிவு செய்துகொண்டாள்.